எட்டுப் புள்ளிக்குள் எல்லோரும்: வீல்சேர் ரக்பி பிறந்த கதை

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டால் கால்களோடு கைகளின் வலுவும் போய்விடும். கனடாவைச் சேர்ந்த டங்கன் கேம்பலுக்கு அப்படித்தான் ஆனது. 17 வயதில் ஆழமில்லாத ஏரியில் தலைகீழாகக் குதித்தவர், சக்கர நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி ஓர் அணியாக விளையாட வேண்டுமென்றால் கூடைப்பந்துதான் வழி. கைகளில் முழு வலு உள்ளவர்களுக்கு அது பொருந்தியது. விரல்கள் மடங்காதவர் பந்தைத் தட்டிக்கொண்டே போவது எப்படி? முழங்கையை நிமிர்த்த முடியாதவர் பத்தடி உயரக் கூடைக்கு அதை எறிவது எப்படி? அணியில் அவர்களுக்கு எடுபிடி வேலைதான் மிஞ்சியது. மாற்றுத்திறனாளிகளின் ஆட்டத்திலேயே ஓரம் கட்டப்படுவது இரட்டை வலி.

1970-களின் பிற்பாதியில், வின்னிபெக் நகரில் ஒரு மாலை. கேம்பலும் நண்பர்களும் எடைப் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். உதவிக்கு வர வேண்டியவர் வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று ஒரு வாலிபாலை எடுத்து ஆளுக்காள் போட்டு விளையாடத் தொடங்கினார்கள். நாற்காலிகள் ஒன்றோடொன்று மோதின. மோதியது பிடித்துப்போயிற்று.

கேம்பல், ஜெரி டெர்வின், ராண்டி டூயெக், பால் லெஜூன், கிறிஸ் சார்ஜென்ட் ஆகிய ஐவரும் அந்த விளையாட்டுக்கு ஓர் உருவம் கொடுத்தார்கள். கூடையே வேண்டாம், பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் புள்ளி. விரல்களால் பற்ற வேண்டியதில்லை; மடியில் வைத்துக்கொண்டு போகலாம். நாற்காலியை நாற்காலியால் இடிக்கலாம். ஆட்டத்தின் மூர்க்கத்தைப் பார்த்து அதற்கு ‘மர்டர்பால்’ என்றே பெயர் வைத்தார்கள்.

இந்த இடியில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். விபத்துக்குப் பிறகு வீட்டிலும் மருத்துவமனையிலும் எல்லோரும் கண்ணாடிப் பாத்திரம்போலக் கையாண்ட ஓர் உடல், இங்கே முழு வேகத்தில் வந்து மோதுகிறது; நாற்காலியோடு கவிழ்கிறது; தூக்கி நிமிர்த்தியதும் மறுபடி பாய்கிறது. ‘உன்னால் முடியும்’ என்று ஆயிரம் முறை சொன்னாலும் வராத துணிவு ஒரு மோதலில் வந்துவிடும்.

பின்னர் முறைப்படுத்தப்பட்ட விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது புள்ளிக் கணக்கு. உடலின் இயக்கத்தைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 0.5 முதல் 3.5 வரை புள்ளி தருகிறார்கள். களத்தில் இறங்கும் நால்வரின் கூட்டுத்தொகை 8-ஐத் தாண்டக் கூடாது. பெண்கள் ஆடினால் ஒருவருக்கு அரைப்புள்ளி கூடுதல் சலுகை. இரண்டு 3.5 வீரர்களை இறக்கினால் ஏழு போய்விடும். மிச்சமிருக்கும் ஒன்றுக்கு இரண்டு 0.5 வீரர்கள்தான் பொருந்துவார்கள். ஆக, வலு மிகக் குறைந்தவர் இல்லாமல் அப்படியோர் அணியே நிற்காது. அவருடைய நாற்காலியின் முன்புறம் நீண்டிருக்கும் கம்பி, எதிரணி நாற்காலியைக் கொக்கிபோட்டு நிறுத்தும். அவர் வழி திறந்துவிட்டால்தான் பந்து வைத்திருப்பவர் கோட்டைத் தாண்டுவார்.

ஆட்டம் எல்லை கடந்தது. 1981-இல் அமெரிக்காவில் வேர்விட்டது. அங்கே குவாட் ரக்பி என்றும் மற்ற நாடுகளில் வீல்சேர் ரக்பி என்றும் பெயர் மாறியது. 1995-இல் ஸ்விட்சர்லாந்தின் நாட்வில்லில் முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா பாராலிம்பிக்கில் காட்சி ஆட்டம். 2000 சிட்னியில் பதக்கப் போட்டி.

டோக்கியோ பாராலிம்பிக் 2021-இல் நடந்தபோது, இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை 54-49 என வென்று பிரிட்டன் தங்கம் வாங்கியது. அந்த அணியில் இருந்த ஒரே பெண் கைலி கிரைம்ஸ். கேம்பலைப் போலவே இளவயதில் தண்ணீரில் குதித்துக் கழுத்தில் அடிபட்டவர். இந்த ஆட்டத்தில் பாராலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் அவர்தான். அவருடைய புள்ளி 0.5. கூடைப்பந்து ஓரம் கட்டிய கைகளுக்காக ஐந்து பேர் உண்டாக்கிய ஆட்டம், கருணைக்காக அல்ல, தேவைக்காகவே அவரைக் களத்தில் இறக்கியது.