பேசாத பிள்ளையின் வேதனை



ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ தொட்டிலில் பிள்ளை வீறிட்டால், தாய் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். அவ்வழுகை வேதனையின் குரல் என்று அவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மருத்துவ உலகமோ அதை நெடுங்காலம் ஏற்கவில்லை. சிசுவின் நரம்புகள் முதிராதவை, ஆகையால் வலி உணராது என்று எண்ணி, 1980களிலும் மிகக் குறைந்த மயக்க மருந்தோடு பச்சிளம் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததுண்டு.

அவ்வெண்ணத்தை அசைத்தவர்களுள் முக்கியமானவர், இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த். அறுவையின்போது ஃபென்டனில் என்னும் ஓபியாய்டு மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு, அழுத்த ஹார்மோன்களும் பிந்தைய சிக்கல்களும் குறைந்ததை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்டார்கள்.

ஆயினும் ஓபியாய்டு மருந்துகள் சிசுவின் சுவாசத்தைத் தளர்த்தக்கூடும். ஆகவே வேறு வழி தேடினார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் மருத்துவர்கள், நெஞ்சிலோ வயிற்றிலோ பெரிய அறுவை கண்ட, ஒரு வயதுக்குட்பட்ட 71 குழந்தைகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். இரத்தநாளத்தின் வழியே பாராசிட்டமால் பெற்றவர்களுக்கு, முதல் 48 மணி நேரத்தில் மார்பின் தேவை 66 விழுக்காடு குறைந்திருந்தது.

வனாந்தரத்தில் ஆகாரின் பிள்ளை அழுதது பரலோகத்துக்கு எட்டியது. உங்கள் வீட்டுச் சிசுவுக்கு அறுவை நேர்ந்தால், மருந்தை நீங்களாகக் கொடாதிருங்கள், ஆனால், "வலிக்கு என்ன ஏற்பாடு, ஐயா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பேச இயலாத பிள்ளைக்காக நாம்தான் பேச வேண்டும்.