குளிர்காலச் சிற்றீ

நுவரெலியா ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ற்றவுட் மீனைப் பொய்யீ காட்டிப் பிடிக்கும் கலை மிகப் பழையது. தூண்டில் முள்ளிற் செந்நிறக் கம்பளி நூல் சுற்றி, இரண்டு இறகுகளைச் சேர்த்துக் கட்டிய மக்கெடோனியரைப் பற்றி உரோம எழுத்தாளர் ஏலியன் எழுதியுள்ளார்.

1496 இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலொன்று 12 ஈக்களைக் கூறிற்று. அவை மார்ச் முதல் ஓகஸ்ட் வரைக்கே உரியன. எஞ்சிய மாதங்களில் என் செய்வது? விடை தந்தவர் சாள்ஸ் கொற்றன். ஐசாக் வோல்ற்றனின் நூலோடு 1676 இல் அவர் எழுதிச் சேர்த்த பகுதி பன்னிரு மாதங்களுக்கும் ஈக்களை வகுத்தது. ஜனவரிக்குரியவற்றுள் ஒன்று, இயன்றளவு சிறிதாகக் கட்டவேண்டிய சிற்றீ. அதனை ஒற்றைக் குதிரைமயிரிலேயே பிணைத்தல் வேண்டும் என்றார். பருத்த கயிறு பொய்யைக் காட்டிக்கொடுக்கும். ஒற்றை மயிரோ பெருமீன் இழுத்தால் அறுந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையிலேயே தூண்டிற்காரனின் திறமை சோதிக்கப்பட்டது.

சிற்றீக்கு இத்துணைச் சிறப்பு ஏன்? கொசுவை ஒத்தும் கடியாத இப்பூச்சிகளின் புழுக்கள் ஆற்றடிச் சேற்றில் வாழ்கின்றன. ஏனைய பூச்சிகள் அருகிய குளிர்நாளிலும் இவற்றுட் சில கூட்டுப்புழுவாகி, நீர்மேல் எழுந்து சிறகு விரிக்கும். ஆதலின் ஆண்டு முழுதும் மீனுக்கு இவ்விரை கிடைக்கின்றது.

20ஆம் நூற்றாண்டில் நைலோன் இழை வந்தது. மயிர் அறும் அச்சம் குறைந்தது. எனினும் சிற்றீ கட்டுவோர் இன்றும் சில சுற்று நூலும் சிறிது இறகுமே கொள்கின்றனர். மிகுதியாகச் சேர்த்தால் உரு பருத்துவிடும், மீன் விலகிவிடும். சேர்ப்பதிலன்றிக் குறைப்பதிலேயே இக்கலையின் நுட்பம் அடங்கியுள்ளது.