உருக்கு, உக்கு, வூட்ஸ்

ஆண்டுதோறும் அக்டோபர் 31 அன்று ஹைதராபாத்தில் தெலுங்கு நாளிதழைப் பிரித்தால், சர்தார் படேலின் படத்துக்குக் கீழே ‘உக்கு மனிஷி’ என்று போட்டிருக்கும். அன்றைக்குத் தமிழ் நாளிதழில் அவர் ‘இரும்பு மனிதர்’. 1948 செப்டம்பரில் நிஜாமின் ராஜ்ஜியத்தை இந்தியாவோடு சேர்த்தவர் என்பதால், இந்த ஊரில் அந்தப் பட்டத்துக்குத் தனிக் கனம் உண்டு. குடிவந்த புதிதில் ‘உக்கு’ என்றால் இரும்பு என்றே நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் சாணை பிடிக்க வரும் பெரியவர்தான் திருத்தினார். அவர் கையில் ஒரு பழைய அரிவாள் இருந்தது. அதன் முதுகைத் தட்டி, “இது இனுமு” என்றார். விளிம்பில் விரலை ஓட்டி, “இது உக்கு. வெட்டுறது இதுதான்” என்றார்.

இனுமு என்பது இரும்பு. உக்கு என்பது வேறு. அன்று தொடங்கிய தேடலில், உலோகவியல் புத்தகங்களில் இருநூறு ஆண்டுகளாக உலவும் ‘வூட்ஸ்’ என்ற சொல்லும் இதே உக்குதான் என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தச் சொல்லின் வேர் நம் வீட்டிலேயே இருக்கிறது. உருகு என்பது வினை. உருக்கு என்பது உருக்கப்பட்ட பொருள்.

உருக்கு எப்படி உக்கு ஆகும்? நம் சொற்களில் நடுவே நிற்கும் ரகரம், கன்னடத்திலும் தெலுங்கிலும் அடுத்த மெய்யோடு ஒட்டி மெல்லக் கரைந்துவிடும். நம் மருந்து பழங்கன்னடத்தில் மர்து, பிறகு மத்து, தெலுங்கில் மந்து. ஹைதராபாத்தில் எந்த மருந்துக்கடைப் பலகையிலும் அந்த மந்துவைப் பார்க்கலாம். எருது தெலுங்கில் எத்து. கறுப்பு கன்னடத்தில் கப்பு. கன்னடத்தில் இரும்புக்குப் பெயர் கப்பிண. பிரித்துப் பார்த்தால் அது நம் கரும்பொன். இந்த வரிசையில் உருக்கு, உர்க்கு, உக்கு என்று வைத்தால் கல்லும் கல்லும் பொருந்துவதுபோல் பொருந்துகிறது.

வேறு வழிகளைக் காட்டியவர்களும் உண்டு. கன்னடத்தில் பால் பொங்குவதை ‘ஹாலு உக்கித்து’ என்பார்கள். பொங்கியது என்பதால் உக்கு என்று ஒரு கருத்து. ‘உயர்ந்தது’ என்ற பொருளில் உச்ச என்னும் வடசொல்லைக் காட்டுவோர் இருக்கிறார்கள். நம் எஃகுதான் திரிந்தது என்பாரும் உண்டு. மே மாதப் புழுக்கத்தை ஹைதராபாத்தில் ‘உக்கபோத’ என்கிறோமே, உலைக்களத்தின் வெக்கைக்கும் அதற்கும் உறவிருக்குமோ என்று நானே சில நாள் மயங்கியிருக்கிறேன். ஒலி ஒத்துப்போவது மட்டும் போதாது. பொருளும் ஒலிமாற்ற முறையும் சேர்ந்து ஒத்துவர வேண்டும். அப்படி வருவது உருக்கு ஒன்றுதான் என்பது என் முடிவு.

இனி வூட்ஸ். 1794இல் பம்பாயில் இருந்த மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட், லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு ஓர் உலோகத்தின் மாதிரிகளை அனுப்பி வைத்தார். இந்த நாட்டார் இதை மற்ற எல்லா உருக்குக்கும் மேலாக மதிக்கிறார்கள் என்று எழுதி, அதன் பெயரையும் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டே ஜார்ஜ் பியர்சன் அதைச் சோதித்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே ‘வூட்ஸ்’ ஏறிவிட்டது. ஆனால் இந்தியாவின் எந்த மொழியிலும் அப்படி ஒரு சொல் கிடையாது. பிற்காலத்தில் ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கு அகராதி தொகுத்த யூலும் பர்னலும், ‘வூக்’ என்று எழுதியதை யாரோ தவறாகப் படித்திருக்க வேண்டும் என்று கருதினார்கள். கையெழுத்தில் ஒரு ககரம் தடுமாற, எந்த வாயிலும் பிறக்காத ஒரு சொல் அறிவியலில் நிலைத்துவிட்டது.

இதில் எனக்குப் பெரிய வருத்தம், எழுத்து மாறியதோடு பொருளும் அறுந்துபோனதுதான். அப்பொருளின் இரகசியமே அதன் பெயரில் இருந்தது. அந்தக் காலத்துச் சிற்றுலைகளில் இரும்பு உருகாது. கசடும் இரும்பும் கலந்த ஒரு கடற்பஞ்சுக் கட்டியாகத்தான் வெளியே வரும். அதை அடித்து அடித்துக் கசடை நீக்க வேண்டும். தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். ஐரோப்பாவில் இரும்புக் கம்பிகளைக் கரித்தூளில் புதைத்து நாள்கணக்கில் சூடேற்றி, உருகாமலேயே மேற்புறத்தில் கரியை ஏற்றி உருக்காக்கினார்கள். ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் உருக்கை மூசை என்னும் மண்கலத்தில் உருக்கி வார்த்தது 1740களில்தான். ஆங்கிலத்தின் ‘ஸ்டீல்’ என்ற சொல்லுக்கு வேர்ப்பொருள் உறுதியாக நிற்பது. நம் எஃகுக்குப் பழைய நூல்களில் வேல், படைக்கலம், கூர்மை என்றெல்லாம் பொருள்; திருக்குறளின் ‘பொருள் செயல்வகை’ அதிகாரத்தில் பகைவரின் செருக்கை அறுக்கும் கருவியாக அது வருகிறது. ஸ்டீல் அதன் உறுதியைச் சொல்கிறது, எஃகு அதன் வேலையைச் சொல்கிறது. அது பிறந்த விதத்தைச் சொல்வது உருக்கு மட்டுமே.

கொங்கு நாட்டில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் இரும்பு உலைகளோடு மூசைகளை வைத்து உருக்கிய உலையின் தடயங்களும் வெளிப்பட்டன. சேலம் பக்கத்தில் இத்தொழில் 19ஆம் நூற்றாண்டிலும் நடந்தது. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா ஹீத், கொல்லர்களின் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சியைச் சிறுசிறு துண்டாக மூசையில் போட்டு, மேலே ஓரிரு பச்சை எருக்க இலையை வைத்து, களிமண்ணால் வாயை அடைத்துவிடுவார்கள். காற்றுப் புகாத அந்த மூசைக்குள் குச்சியும் இலையும் கரியாகும்; கரி இரும்புக்குள் ஏறும். கரி ஏற ஏற இரும்பு உருகும் வெப்பநிலை இறங்கும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கரி சேர்ந்துவிட்டால், துருத்தி ஊதி எட்டக்கூடிய வெப்பத்திலேயே அது உருகிவிடும். எருக்கு இட்டால் உருக்கு வரும் என்று அந்தக் கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் சொல்லி விளையாடியிருப்பார்களோ என்று ஆசையோடு நினைத்துக்கொள்வேன்.

ஆனால் உலகம் தேடி வந்த உக்கு தெலங்கானாவுடையது. ஹைதராபாத்திலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில், நிஜாமாபாத் மாவட்டத்தில் கம்மர்பள்ளி என்ற மண்டலம் இருக்கிறது. தெலுங்கில் கம்மரி என்றால் கொல்லர். நம் கம்மியர், கம்மாளர் எல்லாம் காதில் ஒலிக்கும் பெயர். அந்த மண்டலத்தில்தான் கோனசமுத்திரம் என்ற சிற்றூர். தென்னிந்தியாவை முக்கோணங்களாக அளந்து வந்த லாம்டனின் நில அளவைக் குழுவில் மருத்துவராகவும் நிலவியலாளராகவும் இருந்த ஹென்றி வாய்ஸி, 1820 வாக்கில் இங்கே வந்து உலையருகில் நின்று பார்த்தார். 1824இல் அவர் இறந்துபோனார். குறிப்பு அச்சானது 1832இல், வங்காள ஆசியக் கழகத்தின் இதழில்.

அங்கே அவர் சந்தித்த ஒருவர், உருக்கு வாங்குவதற்காகவே பாரசீகத்தின் இஸ்பஹானிலிருந்து வந்து தங்கியிருந்த வணிகர். இதே உருக்கைத் தங்கள் நாட்டிலேயே செய்யப் பார்த்துக் கைகூடவில்லை என்பது அவர் சொன்ன செய்தி. இந்தக் கட்டிகள் பாரசீகம் போய் வாளாகும். அலை அலையாக நீரோடும் கோலம் அலகில் எழும். அவற்றை ஐரோப்பியர் டமாஸ்கஸ் வாள் என்றார்கள். அரபு மொழியில் இந்திய வாளுக்கு ‘முஹன்னத்’ என்று பெயர். ‘ஹிந்த்’ என்ற நாட்டுப் பெயரிலிருந்து பிறந்தது. பாரசீகத்தின் ‘பூலாத்’ அரபு வழியாக ‘ஃபவ்லாத்’ ஆகி உருதுவுக்கு வந்தது. வடக்கே போய் ரஷ்ய மொழியில் ‘புலாத்’ ஆனது. அலகின் அலைக்கோலத்துக்கு உருதுவில் ‘ஜவ்ஹர்’ என்பார்கள். மணி, சாரம் என்று அதற்குப் பொருள். மூசி ஆற்றங்கரையில் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்துக்குப் போகிறவர்கள் பிடியில் இழைத்த பொன்னையும் மணியையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கொஞ்சம் குனிந்து, அலகை வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில், கலங்கிய நீரில் மழைத்துளி விழுந்து பரவுவதுபோல் கோடுகள் தெரிந்தால், அதுதான் ஜவ்ஹர். வைரத்துக்கு நீரோட்டம் என்கிறோமே, அந்தச் சொல்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

அந்தக் கோலம் எப்படி வருகிறது என்று ஐரோப்பாவின் பெரிய மூளைகள் வதைபட்டன. கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே, 1819இல் வூட்ஸைப் பகுத்தாய்ந்தார். கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து வெள்ளி, பிளாட்டினம் என்று ஒவ்வொன்றாக உருக்கோடு கலந்து பார்த்தார். கோலத்தின் மர்மம் பிடிபடவில்லை. ஆனால் உருக்கில் வேறு உலோகங்களைக் கலந்து ஆராயும் துறைக்கு அங்கே ஒரு தொடக்கம் கிடைத்தது. சுமார் நூறு ஆண்டு கழித்து, 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி குரோமியம் கலந்து துருப்பிடிக்காத உருக்கை வார்த்தார். நம் சமையற்கட்டில் எவர்சில்வர் தம்ளராக அடுக்கியிருப்பது அந்த வழியில் வந்ததுதான். ரஷ்யாவின் ஸ்லாதோஉஸ்தில் பாவெல் அனோசவ் ஆண்டுக்கணக்கில் முயன்று, 1841இல் புலாத் பற்றி நூலே எழுதினார்.

1990களில் அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும், நூற்றில் 0.004 பங்கு வனேடியம் இருந்தாலே போதும், திரும்பத் திரும்பச் சூடேற்றி அடிக்கையில் கார்பைடு மணிகள் வரிசை கட்டிக் கோலமாகின்றன என்று காட்டினார்கள். ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் பீட்டர் பாஃப்ளர் குழுவினர், 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றிலிருந்து எடுத்த சிறு துணுக்கில் கார்பன் நுண்குழாய்கள் தெரிந்தன என்று 2006இல் அறிவித்தார்கள். அதைப் பற்றிய வாதம் தொடர்கிறது. நுண்குழாய் என்ற செய்திதான் நாளிதழ்களில் பெரிதாக வந்தது. எனக்கோ அந்தத் துளியளவு வனேடியம்தான் பெரிதாகப் படுகிறது. ஏனெனில் வாய்ஸியின் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. கோனசமுத்திரத்துக் கொல்லர்கள் ஒரே இரும்பைப் பயன்படுத்துவதில்லை. மிட்பல்லிப் பக்கத்து இரும்பு மணலிலிருந்து எடுத்தது ஒன்று, கொண்டாப்பூர்ப் பக்கத்துக் களிக்கல்லிலிருந்து எடுத்தது இன்னொன்று. இரண்டையும் 3க்கு 2 என்ற அளவில் கலந்துதான் மூசையில் போடுவார்கள். கம்மர்பள்ளியிலிருந்து நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் மெட்பல்லி என்ற ஊர் இன்றும் வருகிறது. வனேடியம் என்ற தனிமமே அப்போது உலகுக்குத் தெரியாது. ஆனால் எந்த மண் எதோடு சேர்ந்தால் அலகில் நீரோடும் என்று எத்தனையோ தலைமுறை கண்டு வைத்திருந்தது.

மூசையையும் கவனிக்க வேண்டும். 1980களில் தெல்மா லோ என்ற ஆய்வாளர் கோனசமுத்திரத்து மூசைத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தார். களிமண்ணில் நெல் உமியைப் பிசைந்து செய்தவை. சூட்டில் உமி கரிந்தாலும் அதிலுள்ள சிலிக்கா எலும்புக்கூடாக நின்று மண்ணைத் தாங்கியிருக்கிறது. உமிக்கரியும் தன் பங்குக்கு வலுச் சேர்த்திருக்கிறது. தெலங்கானாவின் சிவந்த மண்ணில் அந்தத் துண்டுகளைப் பிரித்தறிவது கடினமில்லை. வெளிப்புறம் சாம்பல் உருகிப் படிந்து கறுப்புக் கண்ணாடிபோல் பளபளக்கும். உட்புறம் கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும். உருகிய உக்கு எவ்வளவு உயரம் நின்றதோ அங்கே கசடு ஒரு விளிம்பாக ஒட்டியிருக்கும். ஒரு கட்டியின் அளவு உள்ளங்கை அகலம்தான்.

மலிவான ஷெஃபீல்டு உருக்கு வந்தது, காட்டில் கரி எடுக்கத் தடை வந்தது, வாளுக்கான தேவை போனது. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சொல் அணையவில்லை. 1966இல் விசாகப்பட்டினத்துக்கு உருக்காலை கேட்டு ஆந்திரம் கொந்தளித்தபோது எழுந்த முழக்கம், ‘விசாக உக்கு, ஆந்திருல ஹக்கு’. 2021இல் அந்த ஆலையைத் தனியாருக்கு விற்கும் அறிவிப்பு வந்ததும் அதே முழக்கம் மறுபடி தெருவுக்கு வந்தது. உக்கு நம் உருக்கு. ஹக்கு அரபியிலிருந்து உருது வழியாக வந்த உரிமை. இந்த இரண்டும் எதுகையாகச் சேர்ந்து நிற்பது தக்காணத்து மண்ணில்தான் இயலும். சேலத்தில் நாம் உருக்காலை என்கிறோம். அங்கே ரகரம் இன்னும் கரையாமல் இருக்கிறது.

மூசை என்ற சொல்லும் தெலுங்கில் இருக்கிறது, மூஸ என்று. தமிழ்நாட்டில் பொற்கொல்லர் பட்டறையில் மூசை, குகை என்று இன்றும் கேட்கலாம். ஹைதராபாத்தில் அதைத் திரைப்பட விமர்சனத்தில் கேட்கிறேன். ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரும் படத்தை ‘மூஸ சினிமா’ என்று எழுதுகிறார்கள். கோனசமுத்திரத்தில் ஒரு மூசை ஒருமுறைக்குத்தான். ஆறிய பிறகு அதை உடைத்தால்தான் உக்கு வெளியே வரும்.