சிப்ஸ் உறை போகும் வழி

பால் கவரைக் காயலான் கடைக்காரர் எடை போட்டு வாங்குவார். ஒரே வகைப் பிளாஸ்டிக், உருக்கினால் மறுபடி பொருளாகும். சிப்ஸ் உறையை அவர் தொடமாட்டார். அதில் அச்சுக்கு ஒரு படலம், உள்ளே இன்னொரு படலம், காற்றும் ஈரமும் புகாதிருக்க மெல்லிய அலுமினியப் பூச்சு. இவற்றைப் பிரித்தெடுக்கும் செலவுக்குக் கிடைக்கும் சரக்கு கட்டாது.

எனவே அது குப்பைக் கிடங்குக்குப் போனது. சென்னையில் அப்படிப் போனவை, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பை மேட்டில் ஆண்டுக்கணக்கில் புதைந்து கிடந்தன. அந்த மேட்டை வெட்டிச் சலிக்கும் 'பயோமைனிங்' வேலை வந்த பிறகுதான் அவை வெளிச்சம் கண்டன. உருளைச் சல்லடையில் மண் உதிர்கிறது. கல்லும் கண்ணாடியும் ஒதுங்குகின்றன. பிளாஸ்டிக்கும் துணியும் மிஞ்சுகின்றன. அவற்றைப் பொதியாகக் கட்டி, அரியலூர்ச் சிமென்ட் ஆலைகளுக்கு லாரி ஏற்றுகிறார்கள்.

இதற்குச் சட்டமும் துணை நின்றது. மறுசுழற்சிக்கு உதவாத குப்பை கிலோவுக்கு 1,500 கிலோ கலோரியோ அதற்கு மேலோ வெப்பம் தருமானால் அதைப் புதைக்கக் கூடாது, எரிபொருளாக்க வேண்டும் என்றன 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள்.

ஆலையில் உறையைத் துண்டுதுண்டாக நறுக்கிக் கால்சைனருக்குள் செலுத்துகிறார்கள். சுண்ணாம்புக்கல் தூள் சுண்ணாம்பாக மாறும் அந்த இடத்தில் வெப்பம் சுமார் 900 டிகிரி செல்சியஸ். அடுத்துள்ள சுழல் சூளையில் சரக்கு 1,450 டிகிரி வரை காய்கிறது. உறை நொடிகளில் எரிந்துவிடும். எழும் அமில வாயுக்களைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. அலுமினியம் ஆக்சைடாகி, சிமென்ட்டாக அரைபடும் கட்டியான கிளிங்கரில் கலக்கிறது. கிளிங்கருக்கு அதுவும் தேவையான பொருளே. தனியே கொட்டச் சாம்பல் மிஞ்சுவதில்லை. இதே உறையைத் தெருவோரம் கொளுத்தினால் அரைகுறையாக எரிந்து நச்சுப் புகைதான் வரும்.

ஆனாலும் சூளை எதையும் விழுங்கிவிடும் என்று எண்ணக் கூடாது. பி.வி.சி. கலந்தால் அதிலுள்ள குளோரின் ஆவியாகி மேலேறி, முன்சூடாக்கும் கோபுரத்தில் உப்பாகப் படிந்து வழியை அடைக்கும். ஒட்டிய மண் வெப்பத்தைக் குறைக்கும். ஒவ்வொரு கிலோ ஈரமும் ஆவியாகவே ஏறத்தாழ 600 கிலோ கலோரியைத் தின்னும். சாம்பார் மீதியோடு கலந்து வரும் குப்பையை ஏற்றும் லாரி, பாதித் தண்ணீரைத்தான் சுமக்கிறது. எரிபொருளின் தரம் நம் வீட்டுக் குப்பைக் கூடையிலேயே முடிவாகிவிடுகிறது.

நிலக்கரியை ஓரளவு மிச்சப்படுத்தினாலும், எரியும் பிளாஸ்டிக்கும் கரியமில வாயுவைத்தான் விடுகிறது. ஆகவே சூளை கடைசி வழியாகவே இருக்கட்டும். மறுசுழற்சிக்கு ஆகும் எதையும் அங்கே அனுப்பக் கூடாது. நாம் ஈரத்தைப் பிரித்துக் கொடுப்போம். பிரிக்க முடியாத உறையைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனங்கள், உருக்கி மீட்கக்கூடிய உறைக்கு மாறட்டும்.