வாஷிங்டன்: ஊர்வழிக் குடும்பப் பெயர் ஒன்றின் தோற்றம், பொருள், பரவல்

1. சிக்கல்

ஆங்கிலக் குடும்பப் பெயர் அகராதிகள் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று செய்திகளைத் தர முயல்கின்றன: பெயர் எங்கே தோன்றியது, அதன் பொருள் என்ன, இன்று எத்தனை பேர் அதைத் தாங்குகிறார்கள். மூன்றும் ஒரே பதிவில் அடுத்தடுத்து அச்சாவதால், ஒன்றிலிருந்து மற்றொன்று இயல்பாகப் பிறந்தது போன்ற எண்ணம் வாசகருக்கு ஏற்படுகிறது. ஊர்ப்பெயர் குடும்பப் பெயரானது, குடும்பம் கிளைத்தது, கிளைகள் பெருகின, எண்ணிக்கை உயர்ந்தது என்ற நேர்க்கோட்டு வரலாறு அது.

இந்த நேர்க்கோடு சில பெயர்களுக்குப் பொருந்தும். மேற்கு யார்க்ஷயரின் கால்டர் பள்ளத்தாக்கோடு ஒட்டிப் பிறந்த சட்கிளிஃப், கிரீன்வுட் போன்ற பெயர்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே மிகுந்து காணப்பட்டன. அங்கே பரவலே பிறப்பிடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. ஆனால் ஊர்வழிப் பெயர்களிலேயே உலகறிந்த 'வாஷிங்டன்' இந்தக் கோட்டில் அடங்குவதில்லை. அதன் தோற்றம் ஒரு கூட்டத்தாருக்கும், பொருள் வேறொரு கூட்டத்தாருக்கும், எண்ணிக்கை இவர்கள் இருவரோடும் உறவில்லாத மூன்றாம் கூட்டத்தாருக்கும் உரியது. ஊர்வழிக் குடும்பப் பெயரில் இம்மூன்றும் தனித்தனி வரலாறுகள் என்பதும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகிப்பதற்கு முன் பெயர் கைமாறிய வழியை நிறுவ வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. தோற்றம்: ஆளோடு வந்த பெயரும் நிலத்தோடு வந்த பெயரும்

ஓர் ஊரின் பெயர் மனிதனுக்கு ஒட்டிக்கொள்ள இடைக்கால இங்கிலாந்தில் முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, ஊரைவிட்டு வெளியேறுவது. ஓர் ஊரில் எல்லாரும் அவ்வூராராக இருக்கையில் ஊர்ப்பெயரால் ஒருவரை அடையாளம் காட்ட முடியாது. அடுத்த சந்தை நகரில் குடியேறிய பிறகே அந்தப் பெயருக்கு வேலை வருகிறது. இரண்டாவது, ஊரையே உடைமையாகக் கொள்வது. நிலக்கிழார் தன் நிலத்தின் பெயரால் அறியப்பட்டார். முதல் வழி குடிபெயர்ந்தவனைக் குறிக்கிறது. இரண்டாவது வழி வேரூன்றியவனைக் குறிக்கிறது. எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

வாஷிங்டன் குடும்பம் இரண்டாவது வழியைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் பெரும் நிலக் கணக்கான 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏட்டில், வாஷிங்டன் ஊர் இருந்த டர்ஹாம் பகுதி இடம்பெறவில்லை. அந்தக் குறையை ஓரளவு நிரப்புவது, டர்ஹாம் ஆயர் ஹியூ டு பூயிசே 1183இல் தொகுக்கச் செய்த போல்டன் ஏடு. ஆயரின் நிலங்களை யார் யார் எந்தக் கடமைக்கு ஈடாக அனுபவித்தார்கள் என்ற கணக்கு அது. அதில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர், தம் ஹெர்ட்பர்ன் ஊரை ஆயரிடம் விட்டுக்கொடுத்து, அதற்கு மாற்றாக வெசிங்டனை, அதாவது வாஷிங்டனை, பெற்றிருக்கிறார். தேவாலயமும் அதற்குரிய நிலமும் இந்தப் பரிமாற்றத்தில் சேரவில்லை. அவர் செலுத்த வேண்டியது 4 பவுண்டு. அத்துடன் ஆயரின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டை நாய்களுடன் போக வேண்டும்.

இந்த ஒரு பதிவு பெயராய்வுக்கு மிகவும் பயன்படுவது. வில்லியம் ஏற்கெனவே ஓர் ஊர்ப்பெயரைத் தாங்கியிருக்கிறார். நிலம் மாறியதும் பெயரும் மாறுகிறது. வாஷிங்டன் வம்சத்தின் முதல்வர் என்று வம்ச வரலாற்றாசிரியர்கள் கொள்வது இவரைத்தான். அதாவது, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'டி ஹெர்ட்பர்ன்' என்பது தந்தை மகனுக்கு விட்டுச்செல்லும் குடும்பப் பெயராக இறுகவில்லை. அன்றைய நில உடைமையைக் காட்டும் அடைமொழியாகவே இருந்தது. அந்த நிலப் பரிமாற்றம் நடவாதிருந்தால் இந்தக் குடும்பத்தின் பெயரும், அமெரிக்கத் தலைநகரின் பெயரும் வேறாக இருந்திருக்கும்.

அதே ஊரிலிருந்து முதல் வழியிலும் பெயர் வெளியேறியிருக்க முடியும். 1416 முதல் 1446 வரை டர்ஹாம் மடத்தின் தலைவராக இருந்தவர் ஜான் வெசிங்டன். இடைக்காலத் துறவிகள் தங்கள் சொந்த ஊரின் பெயரால் அறியப்படுவது வழக்கமாதலால், பெயரை மட்டும் வைத்து அவரை நிலக்கிழார் குடும்பத்தில் சேர்த்துவிட முடியாது. போதாக்குறைக்கு, தெற்கே சசெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் உண்டு. 10ஆம் நூற்றாண்டு ஆவணத்திலேயே அவ்வூர் காணப்படுகிறது, டூம்ஸ்டே ஏட்டிலும் இருக்கிறது. ஆகவே ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட குடும்பப் பெயருக்குக் குறைந்தது இரண்டு ஊற்றுகள் இருந்திருக்கலாம். 'வாஷிங்டன்கள் எல்லாரும் ஒரு குடி' என்பது இங்கிலாந்துக்குள்ளேயே நிறுவ முடியாத கூற்று.

3. பொருள்: ஊருக்கு உண்டு, குடும்பத்துக்கு இல்லை

டர்ஹாம் வாஷிங்டனை ஊர்ப்பெயர் அறிஞர்கள் பழைய ஆங்கிலத்தின் மூன்று உறுப்புகளாகப் பிரிக்கிறார்கள்: ஹ்வாசா என்ற ஆட்பெயர், தொடர்பைக் காட்டும் 'இங்', பண்ணை அல்லது குடியிருப்பைக் குறிக்கும் 'டூன்'. 'ஹ்வாசாவோடு தொடர்புடைய பண்ணை' என்பது திரண்ட பொருள். சசெக்ஸ் ஊருக்கு அவர்கள் தரும் விளக்கம் சற்று வேறானது: வாசா என்பவனின் சுற்றத்தார் வாழ்ந்த பண்ணை. பேச்சில் சிலர் சொல்லும் 'துணி துவைத்த ஊர்' என்ற விளக்கத்துக்குப் பழைய எழுத்துவடிவங்களில் ஆதாரமில்லை.

அகராதிகள் ஹ்வாசாவின் பெயருக்கு முன் ஒரு நட்சத்திரக் குறி இடுகின்றன. தனி ஆவணத்தில் கிடைக்காமல், ஊர்ப்பெயரிலிருந்தே மீட்டுருவாக்கப்பட்ட பெயர் என்பது அதன் குறிப்பு. நமக்கு அவனைப் பற்றித் தெரிந்தது அந்த ஊர்ப்பெயர் ஒன்றுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது காலம். நார்மன் படையெடுப்புக்குப் பின் நிலம் பெற்ற வில்லியமுக்கும், அதற்கு முந்திய ஆங்கிலோ-சாக்சன் காலத்து ஹ்வாசாவுக்கும் உறவு இருந்ததாக எந்தச் சான்றும் இல்லை. வில்லியம் ஏற்ற பெயர் 'ஹ்வாசாவின் பண்ணை' என்ற பொருளுக்காக ஏற்கப்பட்டதன்று. ஆயரிடம் பெற்ற ஒரு நிலத்தின் முகவரியாக ஏற்கப்பட்டது. குடும்பப் பெயர் அகராதி 'வாஷிங்டன் என்றால் ஹ்வாசாவின் பண்ணை' என்று எழுதும்போது, ஊருக்குரிய பொருளைக் குடும்பத்தின் தலையில் கட்டுகிறது. குடும்பத்தைப் பொறுத்தவரை பெயரின் பொருள் 'வாஷிங்டன் ஊரை உடையவர்' என்பதோடு முடிந்துவிடுகிறது.

அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. குடும்பத்தின் ஒரு கிளை லங்காஷயரின் வார்ட்டனுக்குச் சென்றது. அதில் வந்த லாரன்ஸ் வாஷிங்டன் நார்தாம்ப்டனில் கம்பளி வணிகராக உயர்ந்து, நகரத் தலைவராகி, மடங்கள் கலைக்கப்பட்ட காலத்தில் 1539இல் சல்கிரேவ் நிலத்தை அரசிடமிருந்து வாங்கினார். அவர் வழிவந்த ஜான் 1650களின் பிற்பகுதியில் வர்ஜீனியாவில் கரையேறினார். அந்த ஜானின் கொள்ளுப்பேரன் ஜார்ஜ் வாஷிங்டன், லண்டனின் வம்சக்கொடி அதிகாரி ஐசக் ஹெர்டுக்கு 1792இல் எழுதிய பதிலில், இந்த விஷயத்தில் தாம் மிகக் குறைவாகவே கவனம் செலுத்தியதாகக் குறிப்பிட்டார். முன்னோர் வட இங்கிலாந்தினர் என்று மட்டும் அவருக்குத் தெரியும். லங்காஷயரா, யார்க்ஷயரா, இன்னும் வடக்கேயா என்பது நினைவில் இல்லை. ஊர்வழிப் பெயரின் மிகப் புகழ்பெற்ற உரிமையாளருக்கே ஊர் தெரியவில்லை.

4. பரவல்: பிறப்பும் ஏற்பும்

குடும்பப் பெயரின் எண்ணிக்கையை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஹென்றி கப்பி. 1890இல் வெளியான தம் நூலுக்கு அவர் விவசாயிகளின் பெயர்களையே எண்ணினார். நிலத்தோடு பிணைந்தவர்கள் எளிதில் இடம்பெயர மாட்டார்கள், ஆகவே பெயர் மிகுந்திருக்கும் வட்டாரமே பெயரின் வீடு என்பது அவரது அடிப்படை. அதற்குச் சற்று முன்பு பிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் எதிர்ப்பக்கத்துக் கேள்வியைக் கணிதமாக்கினார்கள்: குடும்பப் பெயர்கள் ஏன் அழிகின்றன? ஒவ்வொருவருக்கும் பிறக்கும் மகன்களின் எண்ணிக்கையை நிகழ்தகவாகக் கொண்டு அவர்கள் வகுத்த முறை இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

கப்பியின் முறைக்கும் கால்டன்-வாட்சன் முறைக்கும் பொதுவான அனுமானம் ஒன்று உண்டு. பெயர் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு மட்டுமே போகும், வேறு வழியில் புதிதாக யாரிடமும் சேராது என்பது அது. ஜார்ஜ் வாஷிங்டனையே இந்தக் கணக்கில் வைத்தால் விடை சுழியம். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. உடன்பிறந்தார் வழியாகவும் பிற கிளைகள் வழியாகவும் பெயர் தொடர்ந்தது உண்மை. ஆனால் 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் 1,63,036 பேர்; அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர், வெள்ளையர் 5 விழுக்காட்டளவே. நாட்டில் பரவலாக உள்ள பெயர்களில் இந்த அளவுக்குக் கறுப்பினத்தவரிடம் செறிந்த பெயர் வேறில்லை. இந்த எண்ணிக்கையைப் பெருக்கியது பிறப்பு மட்டுமன்று, ஏற்பு.

ஏற்பின் காலத்தை ஆவணங்கள் காட்டுகின்றன. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே இருந்தன. அடிமைப்பட்டவர் பெயருக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. 1860இல் ஏறத்தாழ 40 லட்சம் பேர் இப்படிப் பெயரின்றி எண்ணப்பட்டார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்ததும் கூலி ஒப்பந்தம், திருமணப் பதிவு, வங்கிக் கணக்கு, பள்ளி வருகைப் பதிவு என எங்கும் இரண்டாவது பெயர் தேவைப்பட்டது. 1870 கணக்கெடுப்பில்தான் அவர்கள் முதன்முதலாக மொத்தமாக முழுப்பெயரோடு இடம்பெற்றார்கள்.

அவர்களுக்கு அதுவரை குடும்பப் பெயரே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அடிமைப்பட்ட குடும்பங்கள் உடைமையாளருக்குத் தெரியாமல் தங்களுக்குள் குடும்பப் பெயர் வைத்திருந்ததை வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் 1976இல் வெளியிட்ட தம் நூலில் காட்டினார். அந்தப் பெயர் பல வேளைகளில் அப்போதைய உடைமையாளரின் பெயராக இருப்பதில்லை.

இந்த ஏற்பு நடந்த விதத்தை அருகிலிருந்து காண உதவுவது புக்கர் டி. வாஷிங்டனின் தன்வரலாறு (1901). வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த அவர், விடுதலைக்குப் பின் மேற்கு வர்ஜீனியாவில் பள்ளிக்குப் போனபோது 'புக்கர்' என்ற ஒற்றைப் பெயர்தான் அவருக்கு இருந்தது. வருகைப் பதிவில் மற்றப் பிள்ளைகளுக்குக் குறைந்தது இரண்டு பெயர் இருப்பதைக் கேட்டுத் தவித்த சிறுவன், தன் முறை வந்ததும் தயங்காமல் 'புக்கர் வாஷிங்டன்' என்று சொல்லிவிட்டான். அவனுடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். அவர் வாஷிங்டன் ஃபெர்கூசன். ஆக, ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகி, புகழால் முதற்பெயராகி, மீண்டும் ஒரு வகுப்பறையில் குடும்பப் பெயராகிறது. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் டர்ஹாம் ஊருக்கு இடமே இல்லை.

5. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

கறுப்பின வாஷிங்டன்கள் ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகளுடைய வழித்தோன்றல்களே என்று ஒருவர் வாதிடலாம். அப்படியானால் பெயர் உடைமையாளரிடமிருந்து வந்ததாகிவிடும். ஒருவகை நேர்க்கோடு மீண்டும் கிடைத்துவிடும்.

இதற்குச் சான்றே இல்லை என்று சொல்ல முடியாது. ஹாரி என்பவர் ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையான மவுண்ட் வெர்னனிலிருந்து தப்பிப் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார். 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறியவர்களைப் பதிவு செய்த பிரிட்டிஷ் ஏட்டில் அவர் ஹாரி வாஷிங்டன், வயது 43, ஜெனரல் வாஷிங்டனிடமிருந்து ஏழாண்டுகளுக்கு முன் நீங்கியவர். பின்னர் அவர் சியெரா லியோன் சென்று, 1800இல் அங்கே நடந்த கிளர்ச்சியிலும் சேர்ந்தார்.

ஆனால் அதே மவுண்ட் வெர்னனில் எதிர்ச்சான்றும் இருக்கிறது. வாஷிங்டனின் அணுக்கப் பணியாளர் வில்லியம் லீ, 1768இல் ஒரு லீ குடும்பத்து விதவையிடமிருந்து வாங்கப்பட்டவர். முந்தைய குடும்பத்தின் பெயரையே இறுதிவரை வைத்துக்கொண்டார். தன்னைத் தானே அவ்வாறு அழைத்துக்கொள்பவர் என்று வாஷிங்டனின் உயிலே குறிப்பிடுகிறது.

கணக்கும் இந்த மறுப்புக்கு இடம் தரவில்லை. 1799இல் மவுண்ட் வெர்னனில் அடிமைப்பட்டிருந்தோர் 317 பேர். ஜார்ஜ் வாஷிங்டனுக்கே உரியவர்கள் 123 பேர். அமெரிக்கக் கறுப்பின மக்கள்தொகை 1800இல் சுமார் 10 லட்சமாக இருந்து 2000இல் சுமார் 350 லட்சமாகியது, அதாவது 35 மடங்கு. 317 பேரும் ஒருவர் விடாமல் வாஷிங்டன் என்ற பெயரை ஏற்று, அதே விகிதத்தில் பெருகியிருந்தாலும் 2000இல் கிடைப்பது சுமார் 11,000 பேர். உண்மை எண்ணிக்கை ஏறத்தாழ 1,46,000. இதை எட்ட 1800ஆம் ஆண்டிலேயே 4,000க்கு மேற்பட்டோர் இப்பெயரை ஏற்றிருக்க வேண்டும். இது தோராயக் கணக்குதான். வாஷிங்டன் குடும்பத்தின் பிற கிளைகளும் அடிமைகளை வைத்திருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். என்றாலும் மவுண்ட் வெர்னன் மட்டும் மூலமாக முடியாது என்பதற்கு இது போதும். பெரும்பகுதி, அந்தக் குடும்பத்தோடு தொடர்பே இல்லாதவர்கள் நாடறிந்த ஒரு பெயரை எடுத்துக்கொண்டதன் விளைவு என்று கொள்வதே பொருத்தம்.

6. முடிவு

ஊர்வழிக் குடும்பப் பெயரை ஆராய்பவர் பரவல் வரைபடத்தைக் கையில் எடுக்கும் முன், பெயர் பிறப்பால் மட்டும் பரவியதா, ஏற்பாலும் பரவியதா என்று கேட்டாக வேண்டும். பிறப்பால் மட்டும் பரவிய பெயர்களுக்குக் கப்பியின் வழி இன்றும் கைகொடுக்கும். ஏற்பு கலந்துவிட்டால் எண்ணிக்கை பிறப்பிடத்தைக் காட்டாது. பெயரை ஏற்றவர்களின் காலத்தையும் சூழலையும்தான் காட்டும்.

ஏற்பை ஒட்டுப்போட்ட, இரண்டாம்தரப் பெயர்வழியாகக் கருதவும் நியாயமில்லை. 12ஆம் நூற்றாண்டில் வில்லியம் செய்ததும் ஏற்புதான்: கையில் இருந்த ஒரு பெயரை விட்டு, தன் புதிய நிலைக்குப் பொருந்திய இன்னொன்றை எடுத்துக்கொண்டார். விடுதலை பெற்றவர்கள் செய்ததும் அதுவே. அவருக்கு ஒரு நிலம் காரணம், இவர்களுக்கு ஒரு குடியுரிமை காரணம். ஆகவே 'வாஷிங்டன்' என்ற தலைச்சொல்லுக்கு இனி எழுதப்படும் அகராதிப் பதிவு, டர்ஹாம் நிலக்கிழாருக்கு ஒரு பத்தியும், 1865க்கும் 1870க்கும் இடையே பெயரைப் பதிந்துகொண்டவர்களுக்கு அதைவிட நீண்ட பத்தியும் ஒதுக்க வேண்டும். இன்று அப்பெயரைத் தாங்கும் பத்தில் ஒன்பது பேரின் குடும்ப வரலாறு இந்த இரண்டாவது பத்தியில்தான் இருக்கிறது.