மணிமேகலைத் தெய்வமும் தாய்லாந்துச் சுவரோவியமும்

தாம்பரத்திற்கு வடக்கே அமைந்த பல்லாவரக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. பிற்காலத்தே தர்காவாக மாறிய அவ்விடத்தில் அம்மன்னனுடைய விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 'சித்திரகாரப்புலி' என்பதும் அவன் பூண்ட பெயரே. அவன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனத்தில் காஞ்சிப் புத்த பிக்கு ஒருவன் வருகின்றான். ஓவியத்தைப் போற்றிய வேந்தனும் பௌத்த விகாரங்களும் ஒருங்கிருந்த தொண்டை நாட்டில், அவ்விகாரங்களின் வண்ணச்சுவர் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. ஆதலின் தமிழ்க் காப்பியங்களில் பயிலும் பௌத்தக் கதைகளை ஓவியத்தோடு ஒப்புநோக்க விழைவோர் கடல் கடந்து செல்ல வேண்டியவராகின்றனர்.

தாய்லாந்துக் கோயிற் சுவர்களில் போதிசத்துவரின் இறுதிப் பத்துப் பிறப்புக் கதைகள் பெருவழக்காகத் தீட்டப்பெற்றுள்ளன. பாங்காக்கில் உள்ள சுவன்னாராமக் கோயிலின் ஓவியங்கள் மூன்றாம் இராமன் (1824-1851) காலத்தன. அப்பத்தனுள் இரண்டாவது மகாசனக சாதகம். சுவர்ணபூமியை நாடிச் சென்ற மரக்கலம் உடைய, சனகன் ஏழு நாள் கடலில் நீந்துகின்றான். கடல் காக்கும் மணிமேகலை தோன்றி, கரை காணாத நீரில் முயல்வது எற்றுக்கு என வினவுகின்றாள். முயற்சியின் பயனை அவன் எடுத்துரைக்க, அவனை ஏந்தி மிதிலைக்குக் கொண்டு சேர்க்கின்றாள். சிதையும் கலம், சுறவும் மீனும் திரியும் அலை, வானில் வரும் தெய்வம் ஆகியவற்றையே ஓவியர் விரும்பித் தீட்டினர்.

இக்காட்சி தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகார அடைக்கலக் காதையில் கோவலனின் முன்னோன் ஒருவன் கலம் உடைந்து நாள் சில நீந்துகின்றான். இந்திரன் ஏவலால் அங்கு வாழும் மணிமேகலை அவனைக் காக்கின்றாள். மாதவி மகளுக்கு அப்பெயர் இடப்பட்டதன் காரணம் இதுவே. மணிமேகலைக் காப்பியத்தின் தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையில், காஞ்சியில் அறவண அடிகள் இதே வரலாற்றை உரைக்கின்றார். ஆங்கு நீந்திய நாள் ஏழு.

இம்மூன்று வடிவங்களிலும் காப்பிற்குக் காட்டும் காரணம் வேறுபடுதல் கருதற்பாலது. சிலம்பு அவன் செய்த தானத்தைச் சுட்டுகின்றது. மணிமேகலை அவன் வழுவாத சீலத்தை மொழிகின்றது. சாதகம் அவன் விடா முயற்சியாகிய வீரியத்தை உயர்த்துகின்றது. தானம், சீலம், வீரியம் மூன்றும் பௌத்தர் கூறும் பாரமிதைகளே. ஒரே கடற்கதை மூன்று அறங்களுக்கும் உறையுளாயிற்று. தெய்வத்தை ஏவியவரும் ஒருவரல்லர்: தமிழில் இந்திரன்; பாலியில் உலகபாலர் நால்வர்.

இவ்வொப்புமை கொண்டு தாய்லாந்து ஓவியர் தமிழைப் பின்பற்றினர் எனத் துணிதல் பொருந்தாது. அவர்க்கு மூலம் பாலி நூல்களே. கடலோடிகளிடையே வழங்கிய தெய்வம் ஒன்று இரு மரபினும் புகுந்தது எனக் கொள்ளுதலே ஏற்புடைத்து. நம் நாட்டில் வண்ணம் அழிந்து சொல் எஞ்சியது. அங்கே சொல்லோடு வண்ணமும் நின்றது. ஆகலின், தமிழ்க் காப்பியம் பயில்வோர்க்கு அவ்வண்ணச் சுவர்களும் ஓர் உரைநூலாகும்.