உலோகமும் நீரும்: எட்வேர்ட் பிராங்லண்டின் இரசாயனமும் அதன் சமூகப் பின்னணியும்

விஞ்ஞானத்தின் வரலாற்றை மேதைகளின் வரலாறாக எழுதும் மரபு இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. அம்மரபில் ஒரு விஞ்ஞானியின் பணி துறைவாரியாகக் கூறுபோடப்படுகின்றது. எட்வேர்ட் பிராங்லண்டுக்கு நேர்ந்ததும் இதுவே. அசேதன இரசாயன நூல்கள் அவரை வலுவளவுக் கொள்கைக்கு வித்திட்டவராகவும், சேதனவுலோகச் சேர்வைகள் பற்றிய ஆய்வின் முன்னோடியாகவும் ஓரிரு வரிகளிற் குறிப்பிடுகின்றன. பொதுச் சுகாதார வரலாற்று நூல்களோ அவரை நீர்ப் பகுப்பாய்வாளராக மட்டுமே அறியும். இவ்விரு பணிகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதுதான், ஒரு பொருளின் இயல்பை அறிவதற்கும் அவ்வறிவு மக்களைக் காப்பதற்கும் இடையிலுள்ள தூரம் எத்துணைப் பெரிது என்பது புலப்படும். அத்தூரத்தை அளந்தறிதலே இக்கட்டுரையில் எமது நோக்கமாகும்.

பிராங்லண்ட் 1825 இல் இங்கிலாந்தின் லங்காஷயரிற் பிறந்தவர். தாயார் பணிப்பெண், தந்தையார் சட்டத்துறையைச் சார்ந்த வசதிமிக்க குடும்பத்தவர். அவர்களிடையே திருமணம் நிகழவில்லை. தந்தையின் பெயரை வெளியிடாதிருத்தல் என்னும் நிபந்தனையின் பேரில் தாயாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்கப்பட்டது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிஜ் வழியாக அறிவுலகிற் புகும் வாய்ப்பு இத்தகைய ஒருவருக்கு இருக்கவில்லை. 1840 முதல் 1845 வரை லங்காஸ்ரர் நகரின் மருந்துக்கடை ஒன்றிற் பயிலுநராக உழைத்தார். அந்நகர மருத்துவர் சிலர் இளைஞருக்கென அமைத்துக்கொடுத்த எளிய ஆய்வுகூடமே அவரது முதற் கல்விக்கூடமாயிற்று. பின்னர் இலண்டனிலும் ஜேர்மனியின் மார்பேர்க்கிலும் பயின்று, 1849 இல் புன்சனின் கீழ்க் கலாநிதிப் பட்டம் பெற்றார். கைத்தொழில் முதலாளித்துவம் பயிற்சி பெற்ற இரசாயனவியலாளரை வேண்டிநின்ற காலம் அது. மான்செஸ்ரரில் 1851 இல் தொடங்கப்பட்ட ஓவன்ஸ் கல்லூரி, இருபத்தாறு வயதினரான அவரைத் தனது முதல் இரசாயனப் பேராசிரியராக ஏற்றமைக்கு இச்சூழலும் ஒரு காரணமாகும்.

அவரது முதன்மையான கண்டுபிடிப்பு, அவர் தேடிய பொருளன்று. எதைல் முதலிய மூலிகங்கள் தனித்து நிற்கவல்லவை என அக்காலத்தார் நம்பினர். எதைல் அயடைட்டிலிருந்து அம்மூலிகத்தைப் பிரித்தெடுக்க விரும்பிய பிராங்லண்ட், அதனை நாகத்துடன் சேர்த்து, மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் குழாயில் வெப்பமேற்றினார். வெளிப்பட்ட வாயுவே எதைல் என அவர் கருதினார். உண்மையில் அது இரண்டு எதைல் கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து உண்டான பியூற்றேன் என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆயின் குழாயில் எஞ்சிய வெண்ணிறப் படிவின் மீது மார்பேர்க்கில் நீர் வார்த்தபோது பசுநீலச் சுவாலை சீறி எழுந்தது. அது கொடிய ஆசனிக்குச் சேர்வையாக இருக்கலாம் எனப் புன்சன் அஞ்சினார். ஆராய்ந்தபோது நாகமே எனக் கண்டனர். இவ்வாறு எதைலும் நாகமும் நேரடியாகப் பிணைந்த சேர்வை அறிவுலகுக்கு வந்தது. காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் அப்பொருளை ஐதரசன் சூழலில் வைத்துக் கையாளும் முறையும் அதனுடன் வளர்ந்தது. 1900 இல் கிரினியார் தமது மகனீசியச் சேர்வைகளை அறிமுகப்படுத்தும்வரை சேதனத் தொகுப்பில் நாகச் சேர்வைகள் முக்கிய இடம்வகித்தன.

இதனினும் ஆழமான பயன் 1852 இல் அவர் றோயல் சங்கத்திற்கு அளித்த கட்டுரையிற் கிட்டிற்று. நைதரசன், பொசுபரசு, ஆசனிக்கு, அந்திமனி ஆகிய மூலகங்கள் ஏனையவற்றின் மூன்று அல்லது ஐந்து சமவலுக்களோடு சேர்வதை அவர் கண்டார். மூன்று எதைல் கூறுகளை ஏற்ற அந்திமனி, அக்கால அணுநிறை முறைப்படி, மேலும் இரண்டு ஒட்சிசன் சமவலுக்களை மாத்திரமே ஏற்றது. கூட்டுத்தொகை ஐந்தாகவே நின்றது. வந்து சேரும் பொருள் சேதனமாயினும் அசேதனமாயினும் மூலகத்தின் சேரும் ஆற்றல் எண்ணிக்கையால் வரையறைப்பட்டது என்பதே இதிலிருந்து பெறப்பட்ட முடிபு. உயிர்ப்பொருளின் இரசாயனம் வேறு, கனிப்பொருளின் இரசாயனம் வேறு என எழுப்பப்பட்டிருந்த சுவரில் இது மற்றொரு விரிசலை உண்டாக்கியது. வலுவளவு மாறாதது எனக் கேக்குலே கொண்டார். ஒரே மூலகம் மூன்றாகவும் ஐந்தாகவும் சேரலாம் என்ற பிராங்லண்டின் கூற்றே அசேதன இரசாயனத்திற்குப் பெரிதும் பொருந்துவதாயிற்று. அணுக்களை இணைப்பதனைப் ‘பிணைப்பு’ என்னும் பொருள்படும் சொல்லால் 1866 இல் வழங்கத் தொடங்கியவரும் அவரே.

இவ்வறிவின் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். உலோகம் காபனுடன் பிணையும்போது அதன் இயல்பே மாறுகின்றது. 1863 இல் பிராங்லண்டும் டுப்பாவும் இரசத்தின் மெதைல், எதைல் சேர்வைகளை ஆக்கும் இலகுவான முறையை வெளியிட்டனர். 1865–66 காலப்பகுதியில் இலண்டன் புனித பார்த்தலோமியோ மருத்துவமனை ஆய்வுகூடத்தில் இருமெதைல் இரசத்தைக் கையாண்ட உதவியாளர் இருவர் உணர்விழந்து, செவிப்புலனும் பார்வையும் குன்றி மாண்டனர். பேராசிரியரின் பெயர் தாங்கிய கண்டுபிடிப்புக்களின் பின்னே இத்தகையோரின் உழைப்பும் உயிரும் இருப்பதை வரலாற்றாசிரியர் மறத்தல் கூடாது.

அதே 1866 இல் கிழக்கு இலண்டனை வாந்திபேதி தாக்கியது. 5,500 இற்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் உழைக்கும் வறியவர். அப்பகுதிக்கு நீர் வழங்கியது ஒரு தனியார் கம்பனி. இலண்டன் நீரை ஆராய்ந்துவந்த பிராங்லண்ட், அக்காலப் பகுப்பாய்வு முறைகள் அந்நீரின் கொடுமையைக் காட்டித்தர வல்லவையல்ல என்பதை உணர்ந்தார். நீரிலுள்ள சேதனக் காபனையும் சேதன நைதரசனையும் தகனத்தின் மூலம் அளக்கும் புதிய முறையொன்றை மாணவர் ஆம்ஸ்ரோங்கின் உதவியுடன் வகுத்தார். நீரிற் கரைந்துள்ள நைத்திரேற்றினை, முன்னர் கலந்த மலக்கழிவின் சுவடாகக் கொண்டு, நீரின் கடந்தகாலத்தையே விசாரணைக்குட்படுத்தினார். நோய்க்கிருமி அறியப்படாத அக்காலத்தில், ஐயத்திற்கிடமான வரலாறுடைய நீரைத் தூயதெனச் சான்றளித்தலாகாது என்பதே அவரது நிலைப்பாடு. அவர் கணித்த அளவுகள் மிகைப்பட்டவை என்ற கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை; ஆயினும் ஐயத்தின் பயன் கம்பனிக்கன்றி மக்களுக்கே சேரவேண்டும் என்ற கோட்பாடு அதனாற் குன்றவில்லை.

1868 இல் அமைக்கப்பட்ட ஆறுகள் மாசடைதல் பற்றிய ஆணைக்குழுவில் அவர் உறுப்பினரானார். 1874 வரை அது வெளியிட்ட அறிக்கைகள், சாயப்பட்டறைகளும் நூல் ஆலைகளும் உலோகத் தொழில்களும் ஆறுகளைச் சாக்கடைகளாக்கிய வரலாற்றை அளவுகளோடு பதிவுசெய்தன. எனினும் 1876 ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தொழிலதிபரின் நலன்களுக்கு இடங்கொடுத்து வலுவிழந்தது. 1880 முதல் நீர்க் கம்பனிகள் குறூக்ஸ், ஒட்லிங், ரைடி ஆகிய புகழ்பெற்ற இரசாயனவியலாளரை அமர்த்தித் தமது நீர் நல்லதெனும் அறிக்கைகளை வெளியிட்டன. பிராங்லண்டும் கட்டணம் பெற்று ஆலோசனை வழங்கியவரே; அவரை மக்கட் போராளியாகச் சித்திரிப்பது பொருந்தாது. ஆயின் ஒரே விஞ்ஞானம் இரு தரப்பிலும் நின்று பேசியமை, ‘விஞ்ஞானம் நடுநிலையானது’ என்ற வாய்பாட்டை மறுபரிசீலனை செய்ய எம்மைத் தூண்டுகின்றது.

பிராங்லண்ட் 1899 இல் காலமானார். அவர் தனித்தனியே ஆராய்ந்த இரு பொருள்கள் இருபதாம் நூற்றாண்டில் யப்பானின் மினமாட்டா விரிகுடாவிற் சந்தித்தன. அங்கிருந்த சிசோ இரசாயனத் தொழிற்சாலை, அசற்றல்டிகைட்டு உற்பத்தியின்போது உண்டான மெதைல் இரசத்தைக் கழிவுநீருடன் 1932 முதல் 1968 வரை கடலிற் கலந்தது. அது மீனினூடாக மீனவக் குடும்பங்களைச் சென்றடைந்தது. 1956 இல் நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. அரசாங்கம் காரணத்தை முறைப்படி ஏற்றதோ 1968 இலேயே. 1865 இல் ஆய்வுகூட உதவியாளரிடம் காணப்பட்ட அதே வகை நரம்பு நோய்க்குறிகள், ஒரு நூற்றாண்டின் பின் மீனவரிடம் காணப்பட்டன. இச்சேர்வைகளின் நச்சியல்பு முன்னரே நூல்களில் இருந்தது. அதனை உரிய இடத்தில் உரிய காலத்திற் பயன்படுத்தும் அதிகாரமே மீனவரிடம் இருக்கவில்லை.

இரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013 இலேதான் நிறைவேற்றப்பட்டு, 2017 இல் நடைமுறைக்கு வந்தது. இருமெதைல் இரசத்தினால் இருவர் மாண்ட நாளிலிருந்து அவ்வாண்டு வரை ஒன்றரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. இத்தாமதத்தின் காரணத்தை இரசாயனத்தின் குறைபாட்டில் மட்டும் தேடுவோமாயின் விடை கிடைக்காது. உற்பத்திச் சாதனங்கள் யாருடைய கையில் இருந்தன, ஆபத்தினை மெய்ப்பிக்கும் சுமை யார்மீது சுமத்தப்பட்டது என்ற வினாக்களையும் உடன்வைத்தே தேடவேண்டும். பிணைப்பின் எண்ணிக்கையைக் கணித்த அதே மனிதர், நீரைப் பொறுத்தவரை அச்சுமை நீரை விற்போருக்கே உரியது என வாதிட்டார். அவரது இரசாயனத்தைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் இவ்வாதமும் கற்பிக்கப்படல் வேண்டும் என்பதே எமது துணிபு.